மஞ்சக் குங்குமத்து நிலம்

எனக்கு வாயி ஜாஸ்தி. நகரி பஸ் ஸ்டாண்டுல பூக்கூடையோட குந்தியிருக்கிற செல்லியம்மாவப் பத்தி யார வேணாலும் கேளுங்க, என் பூவ விட என் வாயத்தான் மொதல்ல சொல்லுவாங்க. அதனால இந்திராணி அக்கா கதைய நான் சொன்னா நடுவுல ரெண்டு திட்டு வுழத்தான் செய்யும். யாரத் திட்டறதுன்னுதான் இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கல. ஒரு கெட்டவன் இருந்திருந்தா அவனத் திட்டித் தீத்துட்டு மனசு ஆறியிருப்பேன்.

அக்காவோட நைனா பேரு வேதாச்சலம். ஆந்திரா எல்லையில இருக்கிற எங்க நகரியில பவர்லூம் ஷெட்டு வெச்சி நடத்துனவரு. ஊருக்கு வெளிய, புத்தூரு போற ரோட்டாண்ட அவருக்கு நிலமும் இருந்துச்சி. பிள்ளைங்க ரெண்டு பேரு. பெரிசு இந்திராணி அக்கா, சின்னது எழிலரசன் அண்ணன். அம்மாக்காரி சீக்கிரமே தவறிட்டதால தம்பிய இடுப்புல தூக்கிக்கினே வளந்தது அக்கா. ஷெட்டுலயே தூளி கட்டிப் போட்டுருக்குமாம். தறி ஓட்ற சத்தத்துல அவரு நல்லாத் தூங்குவாராம், கரெண்டு போயி தறி நின்னா முழிச்சிக்கினு கத்துவாராம். தம்பிக்கு மீசை நரைச்ச அப்பறமும் இதையே சொல்லி நாலு பேரு எதிர்ல அவரு மானத்த வாங்கும்.

அதே ஷெட்டுல மெக்கானிக்கா இருந்த தணிகாசலத்துக்குத்தான் அக்காவக் கட்டிக் குடுத்தாங்க. தாலி கட்டி முடிஞ்சதும் நைனா ஒரு தட்டுல மஞ்சளும் குங்குமமும் வெச்சி, அதோட நிலத்துல இருந்து ஒரு புடி மண்ணும் வெச்சி, கெணத்தங்கரை அரை ஏக்கரா என் பொண்ணுக்குன்னு பந்தல்ல எல்லாரும் கேக்கச் சொன்னாராம். தெலுங்குக்காரங்க இத பசுப்பு குங்குமான்னு சொல்வாங்க, எங்களுக்கு மஞ்ச குங்குமம். பொறந்த ஊட்டுல இருந்து பொண்ணுக்குன்னு குடுக்கிற நிலம். இதுக்குப் பத்திரம் போட மாட்டாங்க. மஞ்சளையும் குங்குமத்தையும் யாராச்சும் கொண்டு போயி ரிஜிஸ்டர் பண்ணுவாங்களா? பந்தல்ல கூடுன சனம்தான் சாட்சி. நான் நகரிக்கு வாக்கப்பட்டு வந்தது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சி. இல்லேன்னா நானே கோர்ட்டுல கூண்டு ஏறியிருப்பேன்.

அக்காவுக்குக் கொழந்த குட்டி இல்ல. தணிகாசலத்துக்கு நூலு தூசு நெஞ்சுல கட்டி, இருமி இருமியே ஒரு நாள் பூட்டாரு. அதுக்கு அப்பறம் அக்கா நகரியில இருந்த வாடக ஊட்டக் காலி பண்ணிட்டு, கெணத்தங்கரையிலயே ஷீட்டு போட்டு ஒரு சின்ன ஊடு கட்டிக்கினு வந்துடுச்சி. சாமந்தி வெச்சிச்சி. நானும் அக்காவும் பழகுனது அப்பதான். எனக்குப் பூ வேணும், அதுக்குத் தொணை வேணும். வெடிகாலையில ரெண்டு பேரும் மூட்டையத் தூக்கி பஸ்ஸுல போட்டுக்கினு திருப்பதி பூ மார்க்கெட்டுக்குப் போவோம். பஸ்ஸு பூரா மஞ்சத் துணியும் கோவிந்தா சத்தமுமா யாத்திரக்காரங்க. கண்டக்டரு மூட்டைக்கு டிக்கெட்டு கேட்டா நான் சண்டைக்குப் போவேன், அக்கா என் சேலையப் புடிச்சி இழுக்கும். மார்க்கெட்டுல பூவக் குடுத்துட்டு இட்லி துன்னுட்டுத் திரும்பிடுவோம். அக்கா பூ தனியாத் தெரியும். எதழு கெட்டியா, வாடாம நிக்கும். யாபாரிங்க மூட்டையப் பிரிக்காமயே இது கெணத்தங்கரை பூன்னு சொல்லிடுவாங்க.

தம்பிக்காரரும் சும்மா சொல்லக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் நாத்து நடறதுக்கு முந்தி மொத ஏரு அவருதான் ஓட்டுவாரு. அப்பல்லாம் மாட்டு ஏரு, அப்பால டிராக்டரு. டிராக்டரு வந்த அப்பறமும், டிரைவர எறக்கி வுட்டுட்டு மொத சாலு இவரே ஏறி கோணலும் மாணலுமா ஓட்டிட்டுத்தான் எறங்குவாரு. ஆடிக்கு அக்காவுக்குச் சேல வரும். பொங்கலுக்கு வெல்லமும் அரிசியும் வரும். எழிலண்ணன் பொண்டாட்டி ரெண்டாவது பிரசவத்தோட தவறிட்டா. கோவர்தன், மஞ்சு ரெண்டு பிள்ளைங்களையும் அக்காதான் வளத்துச்சி. பள்ளிக்கூடம் வுட்டா ரெண்டும் நேரா கெணத்தங்கரைக்குத்தான் ஓடி வரும்.

பெரியவரு வேதாச்சலம் காலமான அப்பறம் நிலத்துப் பட்டா பாஸ்புக்கு எல்லாம் எழிலண்ணன் பேருக்கு மாறுச்சி. அந்த வேலையா மண்டல ஆபீசுக்கு, அதான் தாலுக்கா ஆபீசு மாதிரி, அலைஞ்சப்ப அங்க யாரோ அவருக்குச் சொல்லியிருக்காங்க, உங்க அக்கா துண்டையும் இப்பவே அவங்க பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, பின்னால பேஜாரு வேணாம்னு. மனுஷன் அன்னிக்கே நேரா கெணத்தங்கரைக்கு வந்துட்டாரு. நான் அங்கதான் பூ கட்டிக்கினு குந்தியிருந்தேன்.

"அக்கா, வர்ற வியாழக்கெழம நீயும் நானும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போலாம். கெணத்தங்கரைய உம்பேருக்கு எழுதிட்றேன்."

அக்கா பூப் பறிக்கிறத நிறுத்திட்டு அவரையே பாத்துச்சி. அது மொகம் அப்பிடி மாறி நான் பாத்ததே இல்ல.

"எழுதிட்டா அப்பால உனக்கும் எனக்கும் இன்னாடா பாக்கி கீது?"

எங்க பக்கம் அப்பிடி ஒரு பேச்சு உண்டு. பங்க எழுதி வாங்கிக்கினவளுக்குக் கணக்கு தீந்துச்சின்னு அர்த்தம். அப்பறம் ஆடிச் சேலைக்கு அவ வாசலப் பாத்துக்கினு நிக்கக் கூடாது. எழுதாம இருக்கிற வரைக்கும்தான் அந்த ஊட்டுப் பொண்ணு. எழிலண்ணன் எவ்வளவோ சொன்னாரு. நான் சேல குடுக்கறத யாரும்மா நிறுத்தப் போறாங்க, இது ஒரு காகிதந்தானேன்னாரு. அக்கா கேக்கல. புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல, இருக்கிறது நீ ஒருத்தன், நீயும் முத்திரக் காகிதத்துல என்ன வெட்டி வுட வந்துட்டியான்னு அழுதுச்சி. அவரும் அழுதுட்டாரு. இனிமே அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன், வந்து சோறு போடுன்னாரு. அக்கா கண்ணத் தொடச்சிக்கினு கருவாட்டுக் கொழம்பும் சோறும் போட்டுச்சி. ரெண்டு பேரும் சிரிச்சிப் பேசிக்கினே துன்னாங்க. அங்க இருந்த யாருக்கும் அக்கா சொன்னது தப்பாப் படல. ஒரு பொண்ணு பொறந்த ஊட்ட நெனச்சி அழறா, அதுல தப்புன்னு இன்னாத்தச் சொல்றது.

இப்ப நெனச்சா வயிறு எரியுது. ஒரு நாள் வேல அது. ஒரு வியாழக்கெழம.

கொரோனா ரெண்டாவது தபா வந்தப்ப எழிலண்ணனத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அக்கா கூடப் போறேன்னு கெளம்புச்சி, யாரையும் உள்ள வுடல. வெளிய மரத்தடியில நின்னுட்டுத் திரும்பி வந்துச்சி. அவரு ஊட்டுக்குத் திரும்பவே இல்ல. மொகத்தக் கூட சரியாக் காட்டாம எடுத்துக்கினு போய்ட்டாங்க. அந்த வருஷம் அக்கா நாத்து நடல. மொத ஏரு ஓட்ட ஆளு இல்லாத நிலத்துல நான் இன்னாத்த நடறதுன்னு சொல்லிடுச்சி. அடுத்த வருஷம் நான்தான் திட்டித் திட்டி நட வெச்சேன்.

அதுக்கு அடுத்து ரீசர்வே வந்துச்சி. ஆந்திரா பூரா நிலத்தத் திரும்ப அளக்கிறாங்கன்னு சொன்னாங்க. மொதல்ல ட்ரோனு ஒண்ணு கிர்ருன்னு மேல சுத்திட்டுப் போச்சி. அப்பறம் ஆளுங்க டேப்லெட்டும் கையுமா வந்து ஒவ்வொரு நிலத்தையும் யாருதுன்னு கேட்டுக் கல்லு நட்டாங்க. வெயிலுல வந்த பிள்ளைங்கன்னு அக்கா மோரு கரைச்சிக் குடுத்துச்சி. அதுல ஒருத்தரு நல்ல மாதிரி. அம்மா, இந்த நிலம் பூரா எழிலரசன் பேருல ஒரே நம்பரா கீது, உங்க துண்டு எதுன்னு காட்டுங்க, நடுவுல கல்லு போடணும்னா இப்பவே சொல்லுங்க, உங்க தம்பி ஊட்டுக்காரங்களையும் கூப்புட்டு எழுதிக்கலாம்னு கேட்டாரு.

அக்கா சொல்லுச்சி, "எனக்கும் என் தம்பிக்கும் நடுவுல கல்லு எதுக்குய்யா? வேணாம். சுத்தி நடுங்க, போதும்."

அவங்களும் சுத்தி நட்டுட்டுப் பூட்டாங்க. சாயந்திரம் இத ஒரு பெருமையா எங்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சி போச்சி. ஊரு பூரா வரப்புக்கு வரப்பு அண்ணன் தம்பிங்க மண்டைய ஒடச்சிக்கினு கீறாங்க, எங்க நிலத்துல பாரு நடுவுல ஒரு கல்லு இல்லன்னுச்சி. கோவர்தன் பேருல புது பாஸ்புக்கு வந்துச்சி. அப்பன் போன அப்பறம் பையன் பேருக்கு வர்றதுதானே மொற. அதையும் அக்காதான் வாங்கி சாமி படத்தாண்ட வெச்சி, பொட்டு வெச்சி அவங்கிட்ட குடுத்துச்சி.

கோவர்தன் அப்ப நாயுடுபேட்டையில ஒரு கம்பெனியில வேலையா இருந்தான். மஞ்சுவ புத்தூருல கட்டிக் குடுத்து, அவளும் அங்க இருந்தா. பெரிய ரோடு ஒண்ணு எங்க பக்கமா வருதுன்னு பேச்சு கெளம்புச்சி. ரோடு வருதோ இல்லியோ, லேஅவுட்டு போடறவங்க மொதல்ல வந்துட்டாங்க. அவங்களுக்கு நிலம் முழுசா வேணும், கெணத்தங்கரையும் சேத்து. ரோட்டப் பாத்த பக்கமே அதுதான்.

கோவர்தன் வந்தான். அவன நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன், ஆனா அன்னிக்கி அவன் மரியாதையாத்தான் பேசுனான். அத்தை, இந்த வயசுல நீ மூட்ட தூக்கணுமா, நாயுடுபேட்டைக்கு வந்துடு, எங்கூடவே இரு, நான் சோறு போடறேன்னான். அக்காவும் கோவப்படாம, வேணும்னா உங்க பங்க வித்துக்கடா, கெணத்தங்கரை எனுது, அது என் மஞ்ச குங்குமம்ன்னுச்சி. அவன் தலையக் குனிஞ்சிக்கினே கேட்டான்.

"பேப்பரு எதாச்சும் கீதா அத்தை?"

கேக்கக் கூடாத கேள்வி இல்ல அது. ஆனா அக்கா இடுப்புல வளந்தவன் புள்ள, அக்கா மடியில வளந்தவன், அவன் வாயில இருந்து வந்துச்சே. அக்கா அன்னிக்கு மத்தியானம் சோறு துன்னல. மஞ்சுவுக்குப் போன் போட்டுச்சி. அவ போன்லயே அழுதா. எனக்கு நீயும் வேணும், எங்கண்ணனும் வேணும், நான் இன்னா பேசுவேன் அத்தைன்னா. நான் போனப் புடுங்கி நாலு வார்த்த கேட்டேன்.

நிலத்துல ஜேசிபி வந்து நின்ன அன்னிக்கிதான் அக்கா கேஸு போட ஒத்துக்கினுச்சி. நரசிம்மன்னு ஒரு வக்கீலு, எங்க பூ வாங்குறவரு, நல்ல மனுஷன். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு நெத்தியத் தேச்சிக்கினே சொன்னாரு. பத்திரம் இல்ல, பாஸ்புக்கு இல்ல, நடுவுல கல்லும் இல்ல, பந்தல்ல பாத்தவங்க ஒருத்தரும் உயிரோட இல்ல. பொண்ணு பங்குன்னு கேக்கலாம்னா, பாஸ்புக்கு மாறுனப்பவே எனக்குப் பங்கு வேணாம்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. வாயால குடுத்த மஞ்ச குங்குமத்த கோர்ட்டு ஒத்துக்கினதும் உண்டு, தள்ளுனதும் உண்டு, ஆனா சாட்சியே இல்லாம கஷ்டம். இன்னொரு வழி கீதுன்னாரு. ஒரு நிலத்த ஒருத்தரு பன்னெண்டு வருஷத்துக்கு மேல அனுபவிச்சிக்கினு இருந்து, அதுவும் நிலத்துக்காரன மீறி, அவனுக்கு விரோதமா அனுபவிச்சிருந்தா, சட்டம் நிலத்த அவங்களுக்கே குடுத்துடுமாம். உங்களுக்கு அதுக்கு மேலயே ஆயிடுச்சி, ஊடு கீது, கரெண்டு மீட்டரு உங்க பேருல கீது, இத வெச்சி ஜெயிக்கலாம்னாரு.

"அவன் இஷ்டப்பட்டு வுட்டுருந்தா?"ன்னு அக்கா கேட்டுச்சி.

"அப்ப செல்லாதும்மா. இஷ்டப்பட்டுக் குடுத்த எடத்துல நீங்க விருந்தாளி மாதிரி. எத்தினி வருஷம் இருந்தாலும் நிலம் அவங்களுது."

எனக்குத் தல சுத்துச்சி. சண்ட போட்டுப் புடுங்கியிருந்தா அக்காவுதாம், ஆசையாக் குடுத்ததால அக்காவுது இல்லியாம். வக்கீலுகிட்டயே கேட்டேன், இது இன்னா நாயம்னு. அவரு பாவம், சட்டம் நான் எழுதலம்மான்னாரு. ஆச வார்த்தைய எல்லாம் பேப்பருல போடணும்னுதான் ரிஜிஸ்டர் ஆபீஸ் வெச்சிருக்காங்க, போட்டுருந்தா உங்க அக்கா இங்க வந்தே இருக்க வேணாம்னாரு.

வாக்குமூலம் தெலுங்குல எழுதி அக்காகிட்ட படிச்சிக் காட்டுனாங்க. தம்பி பலமுறை காலி பண்ணச் சொல்லியும் நான் பண்ணல, அவருக்கு விரோதமா நிலத்த என் வசத்துல வெச்சிருந்தேன்னு இருந்துச்சி. அக்கா பேனாவ வாங்கிக்கினுச்சி. வேற வழி கீதான்னு கேட்டுச்சி. இல்லன்னாரு. கையெழுத்துப் போட்டுச்சி.

சாட்சி சொல்ல வேண்டிய நாளு நெருங்க நெருங்க பஸ்ஸுல நான்தான் அக்காவுக்கு பாடம் எடுத்தேன். நான் எதிர் வக்கீலு மாதிரி மொகத்த வெச்சிக்கினு கேப்பேன், உங்க தம்பிக்கு நீங்க அங்க இருந்தது புடிச்சிச்சான்னு. அக்கா, புடிக்காதுங்க, சண்டதாங்கன்னு சொல்லணும். சொல்லும், சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கும். ஒரு நாள், இன்னா சண்டன்னு கேட்டா இன்னாத்தச் சொல்றது செல்லின்னுச்சி. எதாச்சும் சொல்லு, கெணத்துத் தண்ணிக்குச் சண்டன்னு சொல்லுன்னேன். அவனா தண்ணிக்குச் சண்ட போடுவான்னு அக்காவுக்குச் சிரிப்பு வந்துச்சி. எனக்கும் வந்துச்சி. சிரிக்காத அக்கா, நிலம் போச்சின்னா எங்க போவேன்னு நான் அதட்டுனேன். சரி சரி, சொல்லிட்றேன்னுச்சி. மெய்யாலுமே சொல்லிடணும்னுதான் அது நெனச்சிச்சி. அதுல சந்தேகம் இல்ல.

கோர்ட்டுல எல்லாம் தெலுங்குதான். அக்காவுக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடு, அதனால பயம் இல்லாம ஏறி நின்னுச்சி. நல்ல சேல கட்டிக்கினு வந்திருந்துச்சி. எழிலண்ணன் கடைசியா எடுத்துக் குடுத்த ஆடிச் சேல அது. நான் வேணாம்னுதான் சொன்னேன். கோவர்தன் பின்னால பெஞ்சியில குந்தியிருந்தான்.

எதிர் வக்கீலு சின்னப் பையன். அதட்டி உருட்டிக் கேப்பான்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். அவன் மெதுவா, சொந்தக்காரங்க ஊட்டுல பேசற மாதிரி கேட்டான். அம்மா, அந்த நிலத்துல வருஷா வருஷம் யாரு ஏரு ஓட்டுவாங்கன்னான். டிராக்டரு வெச்சி ஓட்டுவோம்னுச்சி அக்கா. மொத ஏரு யாரு ஓட்டுவாங்கன்னான்.

நரசிம்மன் வக்கீலு கண்ண மூடிக்கினாரு. நான் பெஞ்சியக் கெட்டியாப் புடிச்சிக்கினேன்.

"என் தம்பி"ன்னுச்சி அக்கா.

உங்களுக்கு விரோதமா இருந்த தம்பி எதுக்கும்மா உங்க நிலத்துல ஏரு ஓட்டுனாருன்னு அவன் கேட்டான். ஜட்ஜம்மா வயசானவங்க. அவங்க பேப்பரப் பாத்துட்டு அக்காவப் பாத்தாங்க. தம்பி காலி பண்ணச் சொல்லிச் சண்ட போட்டாருன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுருக்கீங்க, நல்லா யோசிச்சி நெசத்தச் சொல்லுங்கம்மான்னாங்க.

அக்கா கூண்டுக் கட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு அழுதுச்சி. அழுதுக்கினேதான் சொல்லுச்சி. "அவன் எனக்கு விரோதி இல்லைங்க. ஒரு நாள் கூட போன்னு சொன்னது இல்ல. எழுதிக் குடுக்கறேன்னு அவனா வந்தான், நான்தான் வேணாம்னேன். எழுதினதுல அவன் மேல சொன்னது எல்லாம் பொய்யிங்க. அவன் செத்துப் பூட்டான், அவனால வந்து இல்லன்னு சொல்ல முடியாது. அதனால நான் சொல்றேன்."

அப்பறம் வக்கீலையும் காப்பாத்துச்சி. அவரு மேல தப்பு இல்லைங்க, நான்தான் சரின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்னுச்சி. ஜட்ஜம்மா டைப்பு அடிக்கிறவருகிட்ட அத அப்பிடியே சொல்லி அடிக்கச் சொன்னாங்க.

அன்னிக்கு வெளிய வந்து நான் அக்காவத் திட்டுன திட்டுக்கு அளவே இல்ல. வாயால வந்த நிலத்த வாயாலயே தொலச்சிட்டியேன்னு கத்துனேன். டீக்கட ஆளுங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அக்கா டீய ஆத்தி எங்கிட்ட நீட்டுச்சி. குடி, தொண்ட வறண்டுடும்னுச்சி. எனக்கு அழுகதான் வந்துச்சி.

தீர்ப்பு பல மாசம் கழிச்சி வந்துச்சி. தம்பி சம்மதத்தோட இருந்தாங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க, வாய்வார்த்தையாக் குடுத்ததுக்கு ருசுவு இல்ல, அதனால நிலம் பாஸ்புக்கு யாரு பேருல கீதோ அவங்களுதுன்னு ஆயிடுச்சி. அப்பீலு போலாம்னு வக்கீலு சொன்னாரு. ஃபீஸே வேணாம்மான்னாரு. அக்கா அவரக் கும்பிட்டுட்டு, அங்கயும் இதையேதானே சொல்லப் போறேன், வேணாங்கன்னுச்சி. சாமந்தி அப்ப மொட்டு வெச்சிருந்துச்சி. அந்தப் போகத்தப் பறிச்சிக்கிறதுக்கு மட்டும் ஜட்ஜம்மா டைம் குடுத்திருந்தாங்க.

கோர்ட்டு வாசல்ல புங்க மரத்தடியில நின்னுக்கினு இருந்தோம். கோவர்தன் வந்தான். ஜெயிச்சவன் மாதிரி இல்ல அவன் மொகம். நான் புடவைய இழுத்துச் செருகிக்கினு அவன ஒரு புடி புடிக்கணும்னுதான் நின்னேன். அக்கா என் கையப் புடிச்சி நிறுத்திடுச்சி. அவன் வந்து அக்கா கால்ல வுழுந்தான். அத்தை, நான் சொன்னது சொன்னதுதான், எங்கூட வந்து இரு, உன்ன நான் வுட்டுட மாட்டேன்னான். அவன் கண்ணுல தண்ணி இருந்துச்சி. நடிப்பு இல்ல, எனக்குத் தெரியும், சின்ன வயசுல இருந்து நான் பாக்கற பையன்.

அக்கா அவன் தலையத் தடவிக் குடுத்து எழுப்புச்சி. வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. வேற ஒண்ணு கேட்டுச்சி. எழிலண்ணன் மஞ்சுவக் கட்டிக் குடுத்தப்ப, எலந்தமரத்தாண்ட இருக்கிற மேட்டுத் துண்டு என் பொண்ணுக்கு மஞ்ச குங்குமம்னு, நைனா சொன்ன மாதிரியே பந்தல்ல சொன்னாரு. அந்தப் பந்தல்ல நானும் இருந்தேன்.

"உன் தங்கச்சிக்கு உங்கப்பன் சொன்ன மேட்டுத் துண்ட எழுதிக் குடுத்துட்டியாடா?"

அவன் கண்ணத் தொடச்சிக்கினே, ரொம்ப சாதாரணமாச் சொன்னான்.

"அவ கேக்கலியே அத்தை."

அக்கா சொல்லுச்சி, "நானுந்தான்டா கேக்கல."